நாற்பது சொல்லில் இதயம்

மார்ச் 4, செவ்வாய்

இதயத்தின் எடை பற்றி இன்று சண்டை. "மனித உடலில் இதயம் முந்நூறு கிராம்" என்று எழுதியிருந்தேன். இயக்குநர் "சுமார்" சேர்க்கச் சொன்னார். சேர்த்தால் நாற்பத்தொரு சொல். எங்கள் அறிவியல் காட்சிக்கூடத்தில் ஒரு விளக்கப் பலகைக்கு நாற்பது சொல்தான். அதற்கு மேல் யாரும் நின்று படிப்பதில்லையாம். "உடலில்" என்பதை எடுத்துவிட்டேன். இப்போது இதயம் எங்கும் இல்லாமல், சுமார் முந்நூறு கிராம் எடையோடு மிதக்கிறது.

தத்துவம் படித்தவளுக்கு இது தண்டனையா வேலையா?

ஃபைபரில் செய்த இதயம் கூடத்தின் நடுவே இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. பெருஞ்சிரை வழியாக உள்ளே போய், வலது அறைகளைத் தாண்டி, படியேறி நுரையீரலுக்குப் போய்த் திரும்பி, இடது அறைகள் வழியாக இறங்கி, பெருந்தமனியில் வெளியே வரலாம். ரத்தம் போகும் வழி. ஜூனில் திறப்பு.

பெயிண்டர் ஏணி மேலிருந்து கேட்டார்: "ரத்தம் ஒரு பக்கம் நீலமாவா இருக்கும்?"

"இல்ல. கருஞ்சிவப்பு."

"அப்புறம் எதுக்கு என்னை நீலம் அடிக்கச் சொல்றீங்க?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"சரி. புத்தகத்துக்கு அடிக்கிறேன்."

மார்ச் 7, வெள்ளி

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாடித் திருப்பத்தில் அப்பா நின்று மின்சார மீட்டர்களைப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த திருப்பத்திலும்.

"என்னப்பா ஆராய்ச்சி?"

"எவன் வீட்ல எவ்வளவு எரியுதுன்னு பாக்கறேன். ரெண்டாவது மாடிக்காரன் ஊரையே கொளுத்துறான்."

சிரித்தேன். சிரிப்பு முடியும்வரை அவர் ஏறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இதயம் ஓய்வதே இல்லை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பொய். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு ஓய்கிறது. சுருங்கும் நேரத்தைவிட தளரும் நேரம் அதிகம். தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்வதும் அந்தத் தளர்ச்சியில்தான். பிறருக்கு வேலை செய்யும்போது தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அப்பா: "எங்க டிப்போவுல அப்படி ஒரு ஷிஃப்ட் கிடையாது."

முப்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். ஓய்வுபெற இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. உடம்பில் ஏதாவது என்று தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் வருவதில்லை. வந்தால் வாயு.

மார்ச் 12, புதன்

ஒலிகள் பற்றிய பலகை. லப், டப். துடிப்பின் சத்தம் தசையுடையது அல்ல, வால்வுகளுடையது. கதவு திறக்கும்போது ஓசையில்லை, சாத்தும்போதுதான். நாம் கேட்பது முழுக்க மூடும் சத்தம். இது பிடித்திருக்கிறது.

மருத்துவ ஆலோசகரின் குறிப்பில் மூன்றாவது ஒலி ஒன்று பற்றி ஒரு வரி இருந்தது. சிலரிடம் கேட்குமாம். நாற்பதுக்குள் அடங்கவில்லை. எடுத்துவிட்டேன். "இதயத்துக்கு இரண்டு ஒலிகள்." சுத்தமான வாக்கியம்.

மார்ச் 14, வெள்ளி

ஃபைபர் இதயத்துக்குள் ஓடவிட உண்மையான இதயத் துடிப்பு வேண்டும் என்கிறார் ஒலிப்பதிவாளர். கூடத்தில் எல்லாரும் அவரைக் "காது" என்றுதான் கூப்பிடுகிறோம். அவரும் அதற்குத்தான் திரும்புகிறார். என்னுடையதை எடுத்துப் பார்த்தார்.

"உன்னோடது ஏம்மா பஸ்ஸை விட்டவ மாதிரி ஓடுது?"

"உங்களோடதைப் போடுங்கண்ணா."

"என்னோடது முழுக்க டீ. நிதானமா ஒரு ஆளு வேணும். அகலமான நெஞ்சு. யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

பதிவு செய்யும் ஸ்டெதஸ்கோப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அப்பாவை இடது பக்கமாகப் படுக்க வைத்தேன். பனியன் இல்லாமல் அவரை இவ்வளவு அருகில் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? நெஞ்சு முடி வெளுத்துவிட்டது. நான் கவனிக்கவே இல்லை.

"எத்தனை பேர் கேப்பாங்க?"

"வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் வருவாங்களாம்."

"டிக்கெட் உண்டா?"

"உண்டு."

"அப்ப எனக்குப் பங்கு?"

அம்மா கதவருகே இருந்து: "முதல்ல உள்ள இதயம்னு ஒண்ணு இருக்கான்னு பாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குச் சந்தேகம்."

அப்பா சிரித்ததில் ஒரு பதிவு கெட்டுப்போனது. மறுபடி எடுத்தேன். ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு கருவியில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் சிவப்புக்குப் போகக்கூடாது. போகவில்லை.

கேட்டேன் என்று சொல்ல முடியாது. பதிவு செய்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

காதுவின் அறையில் அரைநாள். அப்பாவின் இதயம் திரையில் மேடும் பள்ளமுமாக ஓடியது.

"நல்ல ஆழமான சத்தம்மா. உங்கப்பா ரேடியோவுக்குப் போயிருக்கலாம். ஆனா இது என்ன? ரெண்டாவதுக்குப் பின்னாடி மெல்ல ஒண்ணு இடிக்குது பாரு. கட்டிலா?"

"பழைய கட்டில்."

"ஒவ்வொரு தடவையும் இடிக்குதே. மூச்சு விடறப்ப கட்டில் ஆடுதா?"

நான் பலகையில் எழுதியது என்ன? இரண்டு ஒலிகள். அச்சுக்கும் போய்விட்டது.

"எடுத்துடுங்கண்ணா."

எடுத்தார். இப்போது லப்–டப், லப்–டப். பாடப்புத்தகம் போல. அவருக்குத் திருப்தி. எனக்கும்.

மார்ச் 27, வியாழன்

அப்பா என் தலையணையையும் எடுத்துக்கொண்டுவிட்டார். மூன்று வைத்துச் சாய்ந்துதான் தூக்கம் வருகிறதாம். "வாயு மேல ஏறுது." அம்மா சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

கண்டக்டர் மாமா போன் செய்தார். அப்பாவோடு அதே பேருந்தில் பல வருடமாகப் போகிறவர். குரல் அவருடையது போலவே இல்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, டிப்போவுக்குள் கொண்டுவந்து, கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து மாமாவிடம் நீட்டிவிட்டு அப்பா சொன்னாராம்: "என்னால இறங்க முடியலடா."

மருத்துவமனை நாற்காலியில் எழுதுகிறேன். உள்ளே விடவில்லை. அம்மா எதிரே உட்கார்ந்து அப்பாவின் செருப்பை மடியில் வைத்திருக்கிறாள். ஏன் மடியில்? கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 12, சனி

டாக்டரம்மா சின்ன வயது. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். தெரியும் என்று சொல்லவில்லை. இடது கீழறை அகன்று தொய்ந்திருக்கிறது. அறைக்குள் நூறு பங்கு ரத்தம் வந்தால் அறுபது பங்காவது வெளியே தள்ள வேண்டும். அப்பாவுடையது இருபத்தைந்து தள்ளுகிறது. மிச்சம் பின்னால் தேங்கி நுரையீரலை நனைக்கிறது. அதனால்தான் தலையணைகள். அதனால்தான் மீட்டர்கள்.

"ரொம்ப மாசமா இருந்திருக்கணும். ஸ்டெத் வச்சதுமே மூணாவது சத்தம் நல்லாக் கேக்குது. குதிரை ஓடற மாதிரி. சின்னப் பசங்களுக்கு அது இருந்தா ஒண்ணுமில்ல. ஐம்பத்தேழு வயசுல இருக்கக்கூடாது." பேனாவை மூடினார். "இதுக்கு முன்னாடி யாருமே இவர் நெஞ்சுல ஸ்டெத் வச்சதில்லையா?"

இல்லை என்றேன்.

இல்லை என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காதுவிடம் மூலப் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எதுக்கு என்றார். சொன்னேன்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். 

"நான் சத்தத்தைச் சுத்தம் பண்றவன்மா. எது சத்தம், எது அழுக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

குத்திக்காட்டவில்லை. அழுதுவிடுவார் போலிருந்தது. அவர் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை.

நான் வாசித்த வரி. நானே வெட்டிய வரி. நாலு நாள் கழித்து அந்த வரியையே ஹெட்போனில் கேட்டேன், இன்னும் இரண்டு நாளில் கட்டில் என்றேன். அறிவு என்பது என்ன? எழுதி முடித்ததும் காதிலிருந்து கழன்றுவிடுவதா?

அன்றே தெரிந்திருந்தால்? மருந்து கொஞ்சம் முன்னதாக ஆரம்பித்திருக்கலாம், அவ்வளவுதான் என்கிறார் டாக்டரம்மா. பொதுவாகக் கேட்பது போலத்தான் கேட்டேன். அவரும் பொதுவாகத்தான் சொன்னார். அவ்வளவுதான் என்பது எவ்வளவு?

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டார். உப்பு கூடாது. தண்ணீர் அளந்து. காலையில் உடம்பின் நீரை வெளியேற்றும் மாத்திரை. அதற்கு அப்பா வைத்த பெயர் "குழாய்". குழாய் போட்டால் மதியம்வரை பாத்ரூம் அவருடையது. நான் வேலைக்குக் கிளம்ப வரிசையில் நிற்கிறேன்.

இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது. டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு டியூட்டி போடும் வேலை தருவார்களாம்.

கண்டக்டர் மாமா பார்க்க வந்தார். மூன்றாவது சத்தத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏன்டா, ஒரு பெல் அடிச்சா நிறுத்தணும். ரெண்டு பெல் அடிச்சா கிளம்பணும். உனக்குள்ள எவன்டா மூணு பெல் அடிக்கிறான்?"

"புதுசா வந்த கண்டக்டர். ரூல் தெரியாதவன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 1, வியாழன்

அப்பா பேசுவதில்லை. பேருந்து போகும் சத்தம் கேட்டால் மட்டும் வலது கால் அசைகிறது. பிரேக்.

"உன் மியூசியத்துல என் சத்தம் போட்டாச்சா?" என்று இன்று கேட்டார். வெகுநாளுக்குப் பிறகு ஒரு கேள்வி.

மே 6, செவ்வாய்

கூட்டிப் போனேன். சக்கர நாற்காலி. படிகள் வேண்டாம் என்று பெருந்தமனி வாசல் வழியாக நேரே இடது கீழறைக்குள். பெயிண்டர் வேலையை நிறுத்திவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வணக்கம் சொன்னார். காது சுவிட்சைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

லப்–டப். சுவரே அதிர்ந்தது. லப்–டப்.

அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து கேட்டார். முகம் மெல்ல மெல்ல மாறியது. ஏப்ரலுக்கு முந்தைய முகம்.

"இது நானா?"

"ம்."

"என்னா சீரா ஓடுது பாப்பா! புது வண்டி மாதிரி! ஒரு தட்டு, ஒரு உதறல் இருக்கா சொல்லு? அந்த டாக்டரம்மா சும்மா பயமுறுத்துது."

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த நிமிடமே. வாயைத் திறந்தேன். அவர் காதுவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

நாளைக்குச் சொல்கிறேன்.

மே 8, வியாழன்

வீட்டில் சிரிப்பு. டிப்போ முழுக்கப் போன் போட்டு, ஜூனில் எல்லாரும் வந்து கேட்க வேண்டும் என்கிறார். அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள்: "நீ கூட்டிட்டுப் போனதுதான்டி மருந்து. நான் என்ன சொல்லியும் எழுந்திருக்காத மனுஷன்."

எப்படிச் சொல்வது?

சொல்லாமல் இருப்பது அன்பா, கோழைத்தனமா? இரண்டுக்கும் சத்தம் ஒன்றுபோல இருக்கிறது.

மே 13, செவ்வாய்

காலையில் பாத்ரூம் காலி. நேரத்துக்குக் கிளம்பிவிட்டேன். நேற்றும் அப்படித்தான். நல்லது.

மே 15, வியாழன்

அப்பா கீழே இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு மேலே வந்தாராம். எந்த மீட்டரையும் பார்க்கவில்லை, நிற்கவே இல்லை என்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டார். பெருமையை நாலைந்து துண்டாகச் சொன்னார். நடுநடுவே மூச்சு.

மே 17, சனி

பாத்ரூம் காலி. அது எனக்கு ஏன் நேற்றுவரை உறைக்கவில்லை?

அப்பாவின் காலுறையைக் கழற்றினேன். கணுக்காலைச் சுற்றி எலாஸ்டிக் பதிந்த பள்ளம். விரலால் அழுத்தினால் குழி. குழி அப்படியே நிற்கிறது.

"குழாய் போட்டீங்களாப்பா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"எதுவுமே போடலையா? என்னிக்கிலேருந்து?"

"மியூசியத்துலேருந்து வந்ததுலேருந்து. நீயும்தானே கேட்ட? நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்கு பாப்பா ரிப்பேர்? அந்த மாத்திரைதான் என்னை நோயாளி ஆக்கி வச்சிருக்கு. அடுத்த மாசம் மெடிக்கல் டெஸ்ட் எடுத்து மறுபடி வண்டி கேக்கப் போறேன்."

கத்திவிட்டேன். அது உங்களோடது இல்லப்பா, அது உங்களோடது இல்லவே இல்ல, நாங்க சுத்தம் பண்ணிட்டோம், மூணாவதை வெட்டிட்டோம், நான்தான் வெட்டச் சொன்னேன், கட்டில்னு நெனச்சேன் — எல்லாம் ஒரே மூச்சில், கோர்வை இல்லாமல். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து நின்றாள்.

அப்பா கோபப்படவில்லை. 

"அப்ப என்னோடது எங்க?"

போனில் இருந்தது. காதுவிடம் வாங்கியதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். அவர் உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு.

பிறகு ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

குதிரை.

"இதையே போட்டிருக்கலாமே பாப்பா" என்றார். "இது என்ன கேவலமா?"

அம்மா மாத்திரையும் அளந்த தண்ணீரும் கொண்டுவந்தாள். வாங்கி விழுங்கினார்.

மே 18, ஞாயிறு

மறுபடி மருத்துவமனையில் அதே நாற்காலி. அதே வராந்தா. நுரையீரல் முழுக்க நீர் என்கிறார்கள். டாக்டரம்மாவிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச்சிலிருந்து. குறுக்கே பேசாமல் கேட்டார். "சரி, உக்காருங்க" என்றார். அவ்வளவுதான்.

மே 19, திங்கள்

உள்ளே விட்டார்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள் இருந்து அப்பா ஏதோ சொன்னார். குனிந்தேன்.

"ரெண்டாவது மாடிக்காரன் மீட்டர். ஓட்டமா ஓடுது. சொல்லி வை அவன்கிட்ட."

மே 21, புதன்

அப்பா.

மே 30, வெள்ளி

அம்மா மூன்று தலையணைகளையும் வெயிலில் போட்டிருந்தாள். சாயங்காலம் எடுத்து வந்து ஒன்றை என் கட்டிலில் வைத்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை. தலையணையைத் தட்டிச் சரிசெய்தபோது மட்டும்: "நானுந்தான் சுடுதண்ணி வச்சுக் குடுத்தேன்."

 இருவரும் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 3, செவ்வாய்

வேலைக்குத் திரும்பினேன். இயக்குநர் இரங்கல் சொன்னார். ஒலிப் பலகையை மாற்றி எழுத வேண்டும், மூலப் பதிவையே போட வேண்டும் என்றேன்.

"அச்சாயிடுச்சேம்மா."

"என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"நோய் சத்தத்தைப் போய் ஸ்கூல் பசங்களுக்குப் போடறதா?"

எழுதி வைத்திருந்ததை நீட்டினேன்:

"இதயத்தின் கதவுகள் சாத்தும்போது இரண்டு ஒலிகள் எழும். சிலரிடம் மூன்றாவது ஒன்றும் கேட்கும். சிறு வயதில் அது இயல்பு. நடு வயதுக்குப் பிறகு கேட்டால், இதயம் தளர்ந்திருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். இங்கே ஒலிப்பது ஐம்பத்தேழு வயதான ஒரு பேருந்து ஓட்டுநரின் இதயம். எதையும் நீக்காமல் வைத்திருக்கிறோம். சற்று நேரம் நின்று, மூன்றையும் எண்ணிக் கேளுங்கள்."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு பேனா முனையால் சொற்களை எண்ணினார். நாற்பது. கையெழுத்துப் போட்டார்.

காது ஏற்கெனவே மூலப் பதிவை ஏற்றி வைத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

திறப்பு. நல்ல கூட்டம். டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு ஒரு கும்பலே வந்தது. கண்டக்டர் மாமா இடது கீழறையில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அம்மா வரவில்லை. வெளியே வந்து மாமா சொன்னார்: "மூணு பெல். இறங்கவும் முடியல, போகவும் முடியல." பிறகு கும்பலோடு போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்தது. வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்கு ஏறும் படிகளின் திருப்பத்தில் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் மனைவியின் கைப்பை. மனைவியும் மகளும் மேலே போய்விட்டிருந்தார்கள். "என்னங்க, வாங்களேன்!" என்று குரல் வந்தது.

"நீங்க போங்க. நான் இதைப் படிச்சுட்டு வரேன்."

என் எடைப் பலகை. சுமார் முந்நூறு கிராம். ஒரு மூச்சில் படித்துவிடலாம். அவர் படித்துக்கொண்டே இருந்தார். ஒரு கை சுவரில். கண் பலகையில் இருந்தது, வரி மாறவில்லை.

காவலாளியின் நாற்காலியை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

"உக்காருங்க சார்."

"பரவால்லம்மா. சும்மா படிக்கிறேன்."

"தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா ஓடிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி எத்தனை தலையணை வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார்.

"வாயும்மா. வேற ஒண்ணுமில்ல."

அவர் மனைவியைக் கூப்பிட மேலே ஏறினேன்.